கிணற்றுக்கு லீவு

“குவாரி மோட்டாரைப் போடச் சொல்லுங்க. அது ஓடும்போதுதான் நான் அளப்பேன்.”

அகல்யா இதைச் சொன்னபோது குவாரி மேனேஜர் லோகநாதன் இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். உறிஞ்சுவதை நிறுத்தினான், ஸ்ட்ரா மட்டும் வாயிலேயே நின்றது. கிணற்றுக்குச் சொந்தக்காரரான குப்புராஜ், கெட்ட வார்த்தை காதில் விழுந்த மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

அவள் கேட்கவே கூடாதது என்று ஒன்று இருந்தது என்றால் அது இதுதான். வேலைக்குச் சேர்ந்த அன்றே கமலக்கண்ணன் சொல்லிவிட்டார். ஆரணியில் தண்ணீர்ப் பரிசோதனை ஆபீஸ் வைத்திருக்கிற அவர்தான் அவளுக்கு முதலாளி. “கெணத்துல டேப்பை உடு, நம்பரை எழுது, வந்துகினே இரு. குவாரில மோட்டார் ஓடுதா நிக்குதா, அதெல்லாம் நம்ம சப்ஜெக்ட் இல்ல. அத்த மட்டும் வாயத் தொறந்து கேட்டுடாத.” அகல்யா தலையாட்டினாள். நாற்காலி போட்டு உட்காரவைத்து ஒருவர் வேலை சொன்னது அவள் வீட்டில் யாருக்கும் நடந்ததில்லை. அந்த நாற்காலிக்காகவே தலை தானாக ஆடியது.

பனையந்தாங்கல், ஆரணியிலிருந்து வெம்பாக்கம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஊர். ஊருக்குக் கிழக்கே இருந்த குன்றை உடைத்து ஜல்லியாக்கி லாரி லாரியாக அனுப்பிவிட்டு, குன்று தீர்ந்ததும் குவாரிக்காரர்கள் தரைக்குக் கீழே இறங்கினார்கள். இறங்க இறங்கப் பாறை வெடிப்புகளிலிருந்து தண்ணீர் பீறிட்டது. குழியில் தண்ணீர் நின்றால் கல் உடைக்க முடியாது. ஆகவே இரவு பகலாக மோட்டார் வைத்து அதை இறைத்து ஓடையில் விட்டார்கள். இப்படி இறைப்பதால் சுற்றியிருக்கிற கிணறுகள் வற்றுகின்றனவா என்று அவ்வப்போது அளந்து சொல்ல வேண்டும் என்பது சர்க்கார் போட்ட நிபந்தனை. அளக்கிற வேலை கமலக்கண்ணனுக்கு. அவருக்காக வெயிலில் நின்று கிணற்றுக்குள் எட்டிப்பார்க்கிற வேலை அகல்யாவுக்கு.

இந்தத் தடவை அவசரம் கூடுதல். குழியை இன்னும் ஆழமாகத் தோண்ட அனுமதி கேட்டிருந்தார்கள். வெம்பாக்கத்தில் அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப்போகிறது. ‘கிணறுகளில் நீர்மட்டம் இறங்கவில்லை’ என்கிற வரிக்குக் கீழே ஜியாலஜி படித்த ஒருவரின் கையெழுத்து வேண்டும். அந்த ஆபீசில் அதைப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அவளும் அந்த வரியை நம்பிக்கொண்டுதான் இருந்தாள். இறங்கி, காலனி வழியாகக் குறுக்கே நடந்தபோதுதான் அங்கே குடியிருக்கிற கெங்கம்மாள் மறித்தாள். இடுப்பில் காலிக் குடம். பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள், அவர்களிடமும் காலிக் குடங்கள்.

“தே பொண்ணு, நீதானே அந்த டேப்புக்காரி?”

“ஆமாக்கா.”

“நீ வர்றன்னு சேதி வந்தா எங்க ஊட்டு அடுப்பு எதுக்குடி அணையணும்? உன்னை யாரு வரச் சொன்னது? கெணத்துல என்னாத்த தேடிகினு வர்ற, தங்கமா கெடக்குது?”

அகல்யாவுக்குக் கோபம் வந்தது. பிறகு விஷயம் புரிந்தது. புரிந்ததும் அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பியது. குவாரி தரைக்குக் கீழே போனதிலிருந்து காலனி போர்வெல் செத்துவிட்டது. குப்புராஜ் வயலுக்கு மோட்டார் போடும்போது குழாய் வாயிலிருந்து வாய்க்காலில் கொட்டுகிற தண்ணீரைத்தான் காலனிக்காரர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டேப் வைத்து அளக்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் குப்புராஜ் மூன்று நாள் முன்னாலேயே மோட்டாரை நிறுத்திவிடுவார்.

“கேட்டா கெணறு ரெஸ்ட் எடுக்குதாம்,” என்றாள் கெங்கம்மாள். “பிரசவம் ஆன பொம்பளைக்குக்கூட எங்கூர்ல அத்தினி நாளு ரெஸ்ட் இல்ல. இவரு கெணத்துக்கு லீவு உடுறாரு. கெணறு மட்டுமா? அந்தக் குவாரி மோட்டாரு ராவும் பகலும் உறுமிகினே கெடக்கும். நீ வர்ற வாரம் மட்டும் கப்சிப். புள்ளைங்க நல்லாத் தூங்குதுங்க, அது ஒண்ணுதான் உன்னால நமக்கு லாபம்.”

பெண்கள் சிரித்தார்கள். அகல்யா சிரிக்கவில்லை.

காலேஜில் படிக்கும்போது ஒரு நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்க்க அழைத்துப் போயிருந்தார்கள். அங்கே பம்புகள் ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை. நின்றால் சுரங்கமே ஏரியாகிவிடும். சுரங்கத்தைச் சுற்றிப் பல கல் தொலைவுக்குக் கிணறு கிணறாகப் போய் அளந்துகொண்டே இருந்தார்கள். பம்பு ஓட ஓடத்தான் அளந்தார்கள். ‘ஓடும்போது அளந்தால்தானே அது இழுக்கிறது எவ்வளவு என்று தெரியும்’ என்று அவள் அன்று குறிப்பெடுக்கவில்லை. அது குறிப்பெடுக்கவே தேவையில்லாத விஷயமாக அப்போது தோன்றியது.

அளக்கிற கிணற்றின் சொந்த மோட்டார் முந்தின ராத்திரியிலிருந்து நின்றிருக்க வேண்டும், அது முறை. பக்கத்துக் குழியின் மோட்டாரும் சேர்ந்து நின்றால் அது முறை இல்லை, நாடகம். இத்தனை தடவையும் அவள் அளந்தது பனையந்தாங்கல் கிணறுகளை அல்ல. லீவு எடுத்து, குளித்துத் தலைசீவி உட்கார்ந்திருந்த கிணறுகளை.

குப்புராஜின் கிணற்றுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு மூக்கு விடைத்திருந்தது. கிணற்றின் கைப்பிடிச் சுவர் வெள்ளையடித்து, மோட்டார் ரூம் கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைத் தயார்செய்து வைத்த மாதிரி எல்லாம் பளிச்சென்று இருந்தது. கிட்டத்தட்ட அதேதான். சேத்துப்பட்டு பக்கத்திலிருந்து குப்புராஜின் மகள் சுபத்ராவுக்கு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்டது நகையை இல்லை, ‘கிணற்றில் தண்ணி நிக்குதா’ என்று. அளவெடுப்பு என்பது சர்க்கார் கிணற்றுக்குப் போடுகிற மார்க் என்று குப்புராஜ் நம்பினார். மார்க் குறைந்தால் செத்த கிணறு என்று எழுதி இலவசக் கரண்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தவன் லோகநாதன்.

முதல் தடவை வந்தபோது குப்புராஜ் அவளிடம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். காலனி என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு இளநீர்தான். டம்ளர் விவகாரம் இல்லாத பானம்.

இப்போதும் வெட்டி வைத்த இளநீர் ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. அவள் தொடவில்லை.

“மேடம்,” என்றான் லோகநாதன், ஸ்ட்ராவை எடுத்துவிட்டு. “காலையிலயே தமாஷா? மோட்டார் மெயின்டனன்ஸ்ல கீது. நீங்க டேப்பை உடுங்க.”

“போன தடவையும் மெயின்டனன்ஸ். அதுக்கு முன்னாடியும் மெயின்டனன்ஸ். நான் வந்தாதான் உங்க மோட்டாருக்கு வயித்துவலி வருதா?”

“கமலக்கண்ணன் சாருக்கு ஒரு போன் போடட்டுமா?”

“போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

லோகநாதன் போடவில்லை. பழக்கப்பட்ட சிரிப்பு ஒன்றைச் சிரித்தான். “இன்னா மேடம், புதுசா பேசிகினு கீறீங்க. டீசல் இல்ல. டீசல் இல்லாம எப்டி ஓட்டுறது, நீங்களே சொல்லுங்க.”

“நேத்து பொழுது சாய டேங்கர் வந்துச்சே,” என்று ஒரு குரல் வந்தது. கெங்கம்மாள், குடத்தோடு வரப்பு மேல் நின்றிருந்தாள். காலனிப் பெண்கள் அவள் பின்னாலேயே வந்துவிட்டிருந்தார்கள். “எங்க தெரு வழியாத்தானே போச்சு. என் ஆட்டுக்குட்டி காலை ஏத்தப் பாத்தான் அந்த டிரைவரு.”

“இவங்கள்லாம் எதுக்கு இங்க?” என்றான் லோகநாதன்.

“தண்ணிக்கு. உன்னைப் பாக்கவா வருவோம்? நீ என்ன அவ்ளோ அழகா கீறியா?”

குப்புராஜுக்கு அவமானமாக இருந்தது. தன் நிலத்தில், தன் கிணற்றடியில், காலனிப் பெண்கள் குவாரி மேனேஜரிடம் வாயாடுகிறார்கள். இந்தப் பெண் டேப்பை எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். “பாப்பா, ஜல்தியா அளந்துட்டுக் கெளம்பு. வெயில் ஏறுது. என் கெணறு எப்பவும் நெறஞ்சேதான் கீது, பாரேன்.”

“அப்ப பயம் எதுக்குங்க? அவங்க மோட்டார் ஓடட்டும். உங்க கெணறு நெறஞ்சே இருக்கட்டும். நான் எழுதிட்டுப் போறேன்.”

கெங்கம்மாள் அந்த நேரத்தில்தான் புகுந்தாள். அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். “ஐயோ, வாணாம்டி. பெரிய பண்ணை ரெட்டியார் கெணறா இது, எவன் மோட்டாரைப் போட்டாலும் தாங்குறதுக்கு? அந்தச் சத்தம் கேட்டாலே இந்தக் கெணறு நடுங்கிடும். அவரு பாவம், பொண்ணு வச்சிகினு கீறாரு.”

குப்புராஜின் முகம் சிவந்தது. “யாரு கெணறுடி நடுங்குது? எங்கப்பன் வெட்டின கெணறு. பஞ்சத்துல ஊரே காஞ்சப்பகூட காயாத கெணறு. லோகு! போடச் சொல்லுப்பா உன் மோட்டாரை. எத்தினி எச்பி? அத்தினியும் போடு. பாத்துடலாம்.”

“அண்ணே, அது வந்து…”

“போடுங்கறேன். இல்லன்னா நான் இன்னா பயந்தவன்னு பேரா?”

இத்தனை பேர் முன்னால் லோகநாதனால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்றும் அவன் நினைத்திருக்க வேண்டும். போனில் யாரிடமோ முணுமுணுத்தான். இரண்டு வயலுக்கு அப்பால், குழியின் விளிம்பில், டீசல் மோட்டார் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு உறுமத் தொடங்கியது. ஓடையில் தண்ணீர் வந்தது. கல்தூள் கலந்து சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்துப்போய் வந்தது. குடத்தோடு நின்ற ஒருத்திகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதை மாடுகூடக் குடிப்பதில்லை.

அகல்யா டேப்பைக் கிணற்றுக்குள் இறக்கினாள். முனையிலிருந்த உலோகக் குண்டு தண்ணீரைத் தொட்டதும் அவள் கையிலிருந்த பெட்டி கீச்சென்று கத்தியது. எழுதினாள். பிறகு கிணற்றடியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அளந்தாச்சில்ல, மேடம்?” என்றான் லோகநாதன்.

“ஆரம்பிச்சிருக்கேன்.”

வெயில் உச்சிக்கு வந்தபோது டேப் இன்னும் கொஞ்சம் நீளமாக இறங்கித்தான் கத்தியது. டேப்பை நம்பாதவர்களுக்குக் கிணறே இருந்தது. உள்சுவரில் இறங்கி ஏறுவதற்குப் பதித்திருந்த படிக்கற்களில், காலையில் தண்ணீருக்குள் இருந்த ஒன்று இப்போது பாசியோடு வெளியே பளபளத்தது.

“வெயிலு. ஆவியாப் போவுது,” என்றார் குப்புராஜ்.

“ஆமா,” என்றாள் கெங்கம்மாள். “சூரியன் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுது.”

அதற்கடுத்த கல் தெரிந்தபோது யாரும் கேலி பேசவில்லை. லோகநாதன் எப்போது எழுந்து போனான் என்றே தெரியவில்லை. குப்புராஜ் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். வெள்ளை அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“பாறைக்குள்ள ஒரு வெடிப்பு ஓடுதுங்க,” என்றாள் அகல்யா. “உங்க கெணறு ஒரு முனை, அவங்க குழி இன்னொரு முனை. ஊறுற தண்ணி உங்க வயலுக்கு வரல. அந்தப் பக்கம் போய் ஓடையில கொட்டுது. இதுக்கு மேலயும் குழியை ஆழப்படுத்துனா இந்த ரெஸ்ட்டெல்லாம் பத்தாது. வருஷம் பூரா லீவு உட்டாலும் நெறையாது.”

குப்புராஜ் சுவரை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “எழுதாத பாப்பா. பொண்ணு ஊட்டு விசயம். அடுத்த வாரம் தட்டு மாத்துறாங்க.”

“எழுதிட்டேன்.”

“அடிச்சிடு.”

“மாட்டேங்க.”

“அளந்தாச்சா?” என்று கேட்டாள் கெங்கம்மாள் வரப்பிலிருந்து. “அப்ப நம்ம மோட்டாரைப் போடச் சொல்லு. சாயங்காலம் ஆவப்போவுது, ஊட்ல ஒரு சொட்டு இல்ல.”

குப்புராஜ் மோட்டார் ரூமுக்குப் போய் ஸ்விட்சைத் தட்டினார். தண்ணீர் வந்தது. மெலிந்துதான் வந்தது. பெண்கள் வரிசை பிடித்தார்கள்.

அன்று இரவு அகல்யா நடந்ததை அம்மா பூங்காவனத்திடம் போனில் சொன்னாள். அம்மா நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டுவிட்டு வந்திருந்தாள். முழுசாகக் கேட்டுவிட்டு, “கையெழுத்துதானே, போட்டுட்டு வா,” என்றாள். “அந்த ஊர்ல உனக்கு யாரு கீறாங்க?”

“யாரும் இல்ல.”

“அப்புறம் இன்னா?”

அகல்யாவுக்குப் பதில் தெரிந்திருந்தது. நாள் பூரா சேற்றில் நின்ற ஆளிடம் அதைச் சொல்லித் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆபீசில் கமலக்கண்ணன் கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனாள். அவர் டீ வாங்கிவரச் சொன்னார். ஆபீஸ் மாடியில், கீழே அவருடைய அண்ணனின் விசைத்தறிகள். தறி ஓடும்போது மாடித் தரை லேசாக அதிரும், மேசைமேல் டீயில் வளையம் வளையமாக அலை எழும்.

“நீ சொல்றது தப்புன்னு நான் சொல்லவே இல்ல, அகல்யா. நேரந்தான் தப்பு. அவங்க அனுமதி வாங்கிக்கட்டும். அப்புறம் நெதானமா நாமளே எழுதுவோம், ‘எதிர்காலத்தில் கவனிக்க வேண்டும்’னு. நல்ல வார்த்தை. எல்லாருக்கும் நல்லது.”

“அனுமதி வாங்கினப்புறம் கவனிச்சு இன்னா சார் பண்றது? காலியான கெணத்தை எத்தினி வாட்டி கவனிக்கறது?”

“ரூல்படி பேசு. ஓய்வு மட்டம்தானே எழுதணும்? நீயே எனக்குச் சொல்லிக் குடுத்திருக்க. ஓய்வுல இருந்தப்ப கெணறு நெறஞ்சிருந்துச்சு. முடிஞ்சிது.”

“அளக்கற கெணறுதான் சார் ஓய்வுல இருக்கணும். திருடறவன் இல்ல.”

கமலக்கண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. லோகநாதன் உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால், சலவை வேட்டி கட்டி, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் மாதிரி, குப்புராஜ்.

“அண்ணனே வந்துட்டாரு,” என்றான் லோகநாதன். “கெணத்துக்குச் சொந்தக்காரரு சொன்னா ஒத்துப்பீங்கல்ல? சொல்லுங்கண்ணே.”

குப்புராஜ் தரையைப் பார்த்துச் சொன்னார். “அந்த டேப்பு ஈரக்காத்து பட்டாலே கத்துதுங்க. அத்த நம்ப முடியாது.”

யாரோ வரும் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்தது அப்படியே தெரிந்தது. அகல்யாவுக்கு அவர்மேல் கோபம் வந்தது. கூடவே, அந்த வேட்டியைப் பார்க்கப் பார்க்க, அவரை அப்படிக் கூட்டிவந்தவன்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

“டேப்பு கத்துச்சு, சரிங்க. படிக்கல்லு கத்தலியே. அது பாட்டுக்கு வெளிய வந்துச்சு. நீங்களும் பாத்துகினுதானே இருந்தீங்க?”

“…பாத்தேன்.”

“அண்ணே,” என்றான் லோகநாதன்.

“இருய்யா. பாத்தேன்னுதானே சொன்னேன். பாத்ததாலதான் பயமே.” குப்புராஜ் அகல்யா பக்கம் திரும்பினார். “பாப்பா, கெணத்துல தண்ணி இல்லன்னு வெளிய தெரிஞ்சா என் பொண்ணை எவன் கட்டுவான்?”

“தண்ணி இருக்குன்னு சொல்லிக் கட்டிக் குடுத்துடுவீங்க. தலைப்பொங்கலுக்கு மாப்ள வருவாரு. வந்தவரு கெணத்தை எட்டிப் பாப்பாரு. அப்ப இவருக்குப் போன் பண்ணி, ‘மூணு நாள் மோட்டாரை நிறுத்துப்பா, மாப்ள வந்துக்கீறாரு’ம்பீங்களா? நிறுத்துவாரா?”

குப்புராஜ் லோகநாதனைப் பார்த்தார். லோகநாதன் தன் போனைப் பார்த்தான்.

“கரண்டையும் யாரும் புடுங்க மாட்டாங்க,” என்றாள். “தண்ணி இறங்குனா கரண்ட் கட்டுன்னு எந்த ரூலும் இல்ல. உங்களுக்கு அப்படிச் சொன்னவரையே கேளுங்க, எந்த ஆபீசுல, யாரு சொன்னாங்கன்னு. இங்கதானே நிக்கிறாரு.”

“லோகு?” என்றார் குப்புராஜ்.

“ஊர்ல பேசிக்கறாங்கண்ணே. நான் கேள்விப்பட்டத்த சொன்னேன்.”

“கேள்விப்பட்டதா?” குப்புராஜ் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. “உன் கேள்விக்காவ மூணு மூணு நாளு என் கத்திரிச் செடியைக் காயப்போட்டேனேடா.”

“போதும்,” என்றார் கமலக்கண்ணன். இப்போது அவர் குரலில் டீ இல்லை. “அகல்யா, இங்க பாரு. உன் படிப்பைப் பாத்து உன்னை இந்தச் சீட்ல உட்கார வச்சவன் நான். எத்தினி பேரு வந்தாங்க தெரியுமா? எங்க ஊட்டுலயே கேட்டாங்க, வேற ஆளே கெடைக்கலியான்னு. உங்க ஆளுங்களுக்கெல்லாம் ஒரு சான்ஸு குடுத்தா…”

நிறுத்திக்கொண்டார்.

“முடிங்க சார்,” என்றாள் அகல்யா. “பாதியில நிறுத்தாதீங்க. குடுத்தா?”

கீழே ஒரு தறி நின்றது. மற்றவை ஓடிக்கொண்டிருந்தன.

“நான் தப்பா ஒண்ணும் சொல்ல வரல.”

“வந்தீங்க. வந்துட்டுத் திரும்பிட்டீங்க. நானே முடிக்கறேன். சான்ஸு குடுத்தா வாயை மூடிகினு கையெழுத்துப் போடணும். அதுதானே? எங்கம்மா யாரு வயல்லயோ நட்டுட்டு வர்றா. அவ நட்டது வெளஞ்சிதா, பதரா போச்சான்னு கேட்டா, உள்ளதைத்தான் சொல்லுவா. அவளுக்குப் படிப்பு இல்ல. நான் படிச்சிட்டு வந்து பொய்யில கையெழுத்துப் போட்டா, நட்ட அந்தக் கை என்னாத்துக்கு?”

“நீ போடலன்னா வேற ஒருத்தன் போடுவான். திருவண்ணாமலைல நூறு பேரு கீறான். போன் போட்டா சாயங்காலம் வந்து நிப்பான். குழி தோண்டத்தான் போறாங்க. உன் சீட்டு போறதுதான் மிச்சம்.”

“வரட்டும் சார். வந்து போடட்டும். கூட்டத்துல எல்லாருக்கும் மைக்கு குடுப்பாங்கல்ல? அவரு போட்ட கையெழுத்தைக் கையில புடிச்சிகினு, அன்னிக்கி எந்த மோட்டாரு நின்னுச்சு, எந்த மோட்டாரு ஓடுச்சுன்னு அவரையே நான் கேக்கறேன். பனையந்தாங்கல் காலனி பூரா என்கூட வரும். அவங்களுக்கு அளக்கத் தெரியாது. தாகம் தெரியும்.”

“உனக்கு அந்த ஊருல ஓட்டுகூட இல்ல. எந்தத் தகுதில பேசுவ?”

“கெணத்துல டேப்பு உட்டவ. அந்தத் தகுதில.”

டேப்பைப் பையிலிருந்து எடுத்தாள். கிணற்றுச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. துப்பட்டா முனையால் குண்டைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். ஆபீஸ் சொத்து, அதில் ஒரு குறை வைக்க அவளுக்கு இஷ்டமில்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அதன் மேல் வைத்தாள். நேற்றைய அளவுகளை எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அப்படியே ஏற்றியிருந்தாள். அழிப்பதாக இருந்தால் அவர்களே தங்கள் கையால் அழிக்க வேண்டும்.

“யோசிச்சிட்டு வா,” என்றார் கமலக்கண்ணன். குரல் இறங்கியிருந்தது. “ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ. கோவத்துல முடிவு எடுக்காத.”

“கோவத்துலதான் சார் எடுத்தேன். நேத்து மத்தியானமே எடுத்துட்டேன். இன்னிக்கி சொல்லத்தான் வந்தேன்.”

லோகநாதன் வழியில் நின்றிருந்தான். நகர்வானா என்று பார்த்தாள். நகர்ந்தான்.

“பாப்பா,” என்றார் குப்புராஜ், நாற்காலியிலிருந்து. “கூட்டம் என்னிக்கி?”

சொன்னாள்.

“எத்தினி மணிக்கி?”

அதையும் சொன்னாள். வருவேன் என்று அவர் சொல்லவில்லை. வாங்க என்று அவளும் கேட்கவில்லை. ஒருவர் கேட்டதற்காக வருகிறவர், இன்னொருவர் கேட்டால் போய்விடவும் கூடும்.

வெளியே செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் தறியின் அதிர்வு உள்ளங்காலில் ஏறியது. கீழே சந்து முழுக்கப் பாவு நீட்டியிருந்தார்கள். மாம்பழ நிறப் பட்டிழைகள் தெருமுனைவரை போயிருந்தன. மேலிருந்து கமலக்கண்ணன் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாவது தடவை இன்னும் உரக்கக் கூப்பிட்டார். பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து, “உன்னைத்தாம்மா கூப்புடறாங்கோ,” என்றார்.

“தெரியுதுங்க,” என்றாள் அகல்யா. சுவரோரமாக, இழை எதிலும் படாமல் பக்கவாட்டில் நடந்து சந்து முனையைக் கடந்தாள். பஸ் ஸ்டாண்டில், பனையந்தாங்கல் வழியாகப் போகிற வெம்பாக்கம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. வேகத்தைக் கூட்டினாள்.